திராட்டில் பாடி கிளீனர் ஸ்பிரே: ஆக்சிலரேட்டர் ஒட்டும் காருக்கு இது எந்த அளவுக்கு மருந்து?

காலை எடுத்த பிறகும் ரேஸ் இறங்காத காரை ஓட்டியவர்கள் அடுத்த நாளே தேடிப்போவது பெரும்பாலும் ஒரு டப்பா திராட்டில் பாடி கிளீனரைத்தான். பெடலை மிதிக்கும்போது ஒரு தகடு திறந்து இன்ஜினுக்குள் காற்றை விடுகிறதே, அந்தத் தகடு இருக்கும் பாகம்தான் திராட்டில் பாடி. அது நல்ல பொருள், சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டர் ஒட்டுவதற்கான காரணங்களில் ஒன்றே ஒன்றைத்தான் அது தீர்க்கும். அந்த ஒன்றும் பலர் நினைப்பதற்கு நேர் எதிரான அறிகுறியோடு வருவது. வேறு காரணம் இருக்கும்போது ஸ்பிரே அடித்தால் கோளாறு அப்படியே இருக்கும், 'சுத்தம் பண்ணியாச்சு' என்ற நிம்மதி மட்டும் கூடச் சேரும். அந்த நிம்மதியோடு வண்டி மறுபடி சாலைக்குப் போவதுதான் ஆபத்து. அதனால் டப்பா எப்படி என்று சொல்வதோடு, அதை எப்போது கையில் எடுக்கலாம் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒட்டிவிட்டால் என்ன செய்வது. பிரேக்கை ஒரே மிதியாக அழுத்தி அப்படியே வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில், மிதியை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம் பொதுவாக இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. திராட்டில் முழுக்கத் திறந்து நிற்கும்போது அங்கே வெற்றிடம் ஏறக்குறைய இருக்காது. பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பிறகு பிரேக் கல்லாகிவிடும். பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். மேனுவல் வண்டியில் கிளட்சை மிதித்தாலே சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்துவிடும். இன்ஜின் அலறும், அலறட்டும். பெரும்பாலான புதிய இன்ஜின்களில் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் அதைக் காப்பாற்றும். ஓரம்கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணைக்கலாம். ஓடும்போது அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். லாக் வரை போனால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தான் வைத்த வண்டிகளில் பலவற்றில் அதைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் அணையும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இன்றே பார்த்துவிடுங்கள்.

இப்போது நோயைப் பிரிப்போம். 'ஆக்சிலரேட்டர் ஒட்டுது' என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்வது உண்மையில் மூன்று வேறு கோளாறுகள்.

ஒன்று, முதல் மிதிக்குப் பெடல் அசையாமல் கெட்டியாக இருந்து, கொஞ்சம் பலம் கொடுத்ததும் 'டக்' என்று விட்டுக்கொடுத்து வண்டி முன்னால் பாய்வது. கேபிள் வைத்த வண்டிகளில் இதுதான் கார்பன் படிந்ததன் அசல் அடையாளம். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவி, பிசிவி என்ற வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கு வருகிறது, அதில் எண்ணெய்த் துளிகள் இருக்கும். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் உள்ள இன்ஜின்களில் புகைக்கரியும் கூடும். இரண்டும் பட்டர்ஃபிளை என்னும் வட்டத் தகட்டின் ஓரத்திலும், அது மூடும் இடத்தில் துளைச் சுவரிலும் பிசினாகப் படிகின்றன. வண்டி ஆறியதும் அந்தப் பிசின் தகட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கிறது. அதாவது கார்பன் பெரும்பாலும் திராட்டிலை மூடிய நிலையில்தான் ஒட்டவைக்கும், திறந்த நிலையில் அல்ல. ஸ்பிரேயின் சொந்த எல்லை இதுதான்.

இரண்டாவது, மிதித்த பெடல் மேலே வராமல் நின்றுவிடுவது. இதில் சந்தேகம் முதலில் தரைவிரிப்பு, பிறகு பெடல் அச்சு, பிறகு கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங். கடைசியில்தான் திராட்டில் பாடி.

மூன்றாவது, பெடல் ஒழுங்காக மேலே வந்துவிட்டது, ஆனாலும் ஆர்பிஎம் மெல்லத்தான் இறங்குகிறது, அல்லது ஐடிலிங் 1,500க்கு மேலேயே நிற்கிறது. இது வெற்றிடக் கசிவு (இன்டேக்கில் வெளிக்காற்று புகுவது), ஐடில் ஏர் வால்வு, கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக வைக்கப்பட்டது போன்றவற்றின் முகம். கியர் மாற்றும்போது மட்டும் ஆர்பிஎம் ஒரு கணம் தொங்கி இறங்குவது சில வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக மென்பொருளே செய்வது. அது கோளாறே இல்லை.

கேபிள் வண்டியில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க இரண்டு நிமிடம் போதும், காசும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து, திராட்டில் பாடியின் பக்கவாட்டில் கேபிள் சுற்றும் டிரம்மிலிருந்து கேபிள் குமிழைக் கழற்றிவிடுங்கள். இப்போது டிரம்மைக் கையால் முழுக்கத் திருப்பி விடுங்கள். 'டப்' என்று ஓசையோடு திரும்பி நிறுத்தத்தில் மோதினால் திராட்டில் பாடியும் ஸ்பிரிங்கும் நலம், கோளாறு கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. சோம்பலாகத் திரும்பினால், நடுவில் நின்றால், கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் தயங்கினால் பாடியில்தான் சிக்கல். மெதுவாகவும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வேகமாகச் சுண்டிவிடும்போது மறைந்துகொள்ளும் உராய்வு, மெல்ல விடும்போது தெரியும்.

பாடி நலம் என்று தெரிந்தால் டப்பாவை அப்படியே வைத்துவிடலாம். கேபிளின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்மில் வளையும் இடத்திலும், இன்ஜினையும் உள்ளறையையும் பிரிக்கும் ஃபயர்வாலைத் தாண்டிப் பெடலில் மாட்டும் இடத்திலும் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கேபிள் உறைக்குள் நுழையும்போது அந்த மீசை வாயில் கொக்கிபோட்டு நின்றுவிடும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றத்தான் வேண்டும், நறுக்கிவிட்டு ஓட்டக் கூடாது. சூடேறினால் மட்டும் ஒட்டுகிறது என்றால், உறை எக்ஸாஸ்ட்டை உரசி உள்குழாய் இளகியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இன்ஜின் வேலை பார்த்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால், கேபிளை வேறு வழியாக இழுத்துக் கூர்மையாக மடக்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

பலர் இங்கே டப்பாவை எடுத்துக் கேபிள் உறைக்குள் பீய்ச்சுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இப்போதைய கேபிள்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, அது உலர்ந்தே ஓட வடிவமைக்கப்பட்டது. கரைப்பான் முதலில் எளிதாக்குவதுபோல் தெரியும். பிறகு உள்ளிருந்த அழுக்கை ஓர் இடத்தில் சேர்த்து, பிளாஸ்டிக்கையும் கெடுத்து, சில வாரத்தில் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும்.

மேடுபள்ளமான சாலையிலோ, ஏற்றத்தில் அழுத்தி இழுக்கும்போதோ மட்டும் ஒட்டுகிறது என்றால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். இது கற்பனைச் சந்தேகம் அல்ல. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். மவுண்ட் ரப்பர் கிழிந்ததும் இழுவையில் இன்ஜின் ஒரு பக்கம் தூக்கி, திராட்டில் இணைப்பைத் தானாக இழுத்துத் திறந்துவிட்டது. திராட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மவுண்ட் கிழிந்த வண்டி பாயும்.

தரைவிரிப்பைச் சின்ன விஷயமாக எண்ணுவோரும் உண்டு. 2009இல் டொயோட்டா தொடங்கிய பெரிய திரும்ப அழைப்புக்குக் காரணம், இடம் மாறிய அல்லது பொருந்தாத விரிப்பில் பெடலின் அடி ஓரம் மாட்டிக்கொண்டதுதான். 2010 ஜனவரியில் வந்தது வேறு ஒன்று. மிதிக்கும்போது காலுக்கு இயல்பான எதிர்ப்பு தெரிவதற்காகப் பெடலுக்குள் வைத்த உராய்வுத் துண்டு தேய்ந்தும் ஈரம் கோத்தும் பிடித்துக்கொண்டதால் பெடல் மெதுவாகத் திரும்பியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் வண்டிகள் அதில் சேர்ந்தன. மின்னணுக் கோளாறாக இருக்குமோ என்ற கேள்வியை நாசா பொறியாளர்கள் தனியாக ஆராய்ந்தார்கள். பெரிய திராட்டில் திறப்பை உண்டாக்கும் மின்னணுப் பிழை எதையும் காணவில்லை என்று 2011இல் அறிக்கை வந்தது. 2024இல் டெஸ்லா சைபர்டிரக் 3,878 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் பெடலுக்காகவே. பெடல் மேல் அட்டையைப் பொருத்த எளிதாக இருக்கட்டும் என்று சோப்பு தடவியதால் அட்டை வழுக்கி, மேலே உள் அலங்காரத் தட்டில் மாட்டியது. டேஷ்போர்டு பளபளப்பாக்கும் சிலிக்கான் திரவத்தைப் பெடலிலும் பூசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, டிரம் சோதனையில் பாடிதான் குற்றவாளி என்று தெரிந்த பிறகே ஸ்பிரேக்கு வேலை.

பொருளைப் பற்றி. 'திராட்டில் பாடி' என்று பெயரிலேயே போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கார்புரேட்டர் கிளீனர் பொதுவாக இன்னும் கடுமையான கரைப்பான். சில திராட்டில் துளைகளின் உள்ளே உற்பத்தியிலேயே பூசிய மெல்லிய பூச்சையும், அச்சின் ரப்பர் சீலையும் அது தின்னும். பிரேக் கிளீனர் எண்ணெயை நன்றாகக் கரைக்கும், ஆனால் குளோரின் கலந்த வகை இன்ஜினுக்குள் எரிந்தால் நச்சு வாயு வரும். துரு நீக்கும் பொது ஸ்பிரே எதையாவது அடித்தால் பிசின் இளகும், ஆனால் பின்னால் எண்ணெய்ப் படலம் நிற்கும், தூசி அதில் அமர்ந்து மறுபடி களிம்பாகும். லேபிளில் ஆக்சிஜன் சென்சாருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் பாதகம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதியிருந்தாலும் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பிமேல் அதை அடிக்கக் கூடாது, அதற்குத் தனி கிளீனர் இருக்கிறது.

கரைக்கும் திறனில் பெயர்பெற்ற கம்பெனிகளின் டப்பாக்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மூக்கில்தான். மடக்கிவைக்கும்படி இணைந்த சிவப்புக் குழல் உள்ள டப்பா, தனியாக ஒட்டித் தரும் குழலைவிடப் பல மடங்கு மேல். தனிக் குழல் அழுத்தத்தில் பறந்து இன்டேக்குக்குள் விழுந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைத் தேட வேண்டும். ஒரு திராட்டில் பாடிக்கு 100 முதல் 150 மில்லி தாராளம். 400, 500 மில்லி டப்பாவை ஒரே வேளையில் காலி செய்கிறவர்கள் திரவத்தை உள்ளே ஊற்றுகிறார்கள், துடைக்கவில்லை.

பல டப்பாக்களின் பின்னால் அச்சிட்டிருக்கும் வழிமுறை எனக்கு உடன்பாடில்லாதது. ஏர் ஹோஸைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ரேஸ் கொடுத்தபடி உள்ளே பீய்ச்சச் சொல்கிறார்கள். பராமரிப்புக்கு அது போதலாம், ஒட்டும் கோளாறுக்குப் போதாது. திரவம் தகட்டின் முன்முகத்தைத்தான் கழுவும். பிசின் கனமாக இருப்பதோ பின்முகத்திலும் ஓரத்திலும். பாதி இளகிய கரி அதே இடுக்கில் போய் உட்காரும். எரியக்கூடிய திரவத்தைச் சூடான இன்ஜின் அருகே கையாளுவது வேறு. டர்போ வண்டியில் டர்போவுக்கு முன்னால் அடிக்கவே கூடாது. டீசல் இன்டேக்கில் ஓடும்போது அடித்தால் அது இன்னொரு எரிபொருளாகி இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஏறும்.

ஒழுங்கான முறை இது. இன்ஜின் ஆறட்டும். கேபிள் இல்லாமல் மோட்டார் திறக்கும் எலெக்ட்ரானிக் திராட்டில் என்றால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். அந்த மோட்டார் விரலை நசுக்கும் பலம் கொண்டது. ஏர் ஹோஸைக் கழற்றி, முடிந்தால் நான்கு போல்ட்டையும் எடுத்துப் பாடியை வெளியே கொண்டுவாருங்கள். குளிர்நீர்க் குழாய்கள் இணைந்த பாடியாக இருந்தால் அவற்றை ஒழுகாமல் அடைக்க ஏதாவது தயாராக இருக்கட்டும். பாடியைச் சென்சார் பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள், இல்லாவிட்டால் திரவம் அச்சு வழியாகச் சென்சாருக்குள் இறங்கும். நேரே பாடியில் பீய்ச்சுவதைவிடத் துணியிலும் மென்மையான பழைய பல் துலக்கியிலும் அடித்துத் தேய்ப்பது நல்லது. தகட்டின் விளிம்பு முழுவதும், பின்முகம், துளைச் சுவரில் தகடு மூடும் இடத்தில் தெரியும் கரும்கோடு என மூன்று இடத்தையும் விடாதீர்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், திருப்புளி முனை எதுவும் உள்ளே போகக் கூடாது. சுவரில் கீறல் விழுந்தால் காற்று கசியும். சில பாடிகளில் சுத்தம் செய்யாதே என்று உற்பத்தியாளரே ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். உள்பூச்சு உள்ளது என்று பொருள், அதற்குக் கீழ்ப்படியுங்கள்.

எலெக்ட்ரானிக் பாடியின் தகட்டைக் கையால் திறப்பதென்றால் மென்மையாக, பற்சக்கரம் எதிர்ப்பதை உணர்ந்தபடி. பல உற்பத்தியாளர்கள் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மின்சாரம் இல்லாத நிலையில் தகடு முழுக்க மூடாமல் சற்றே திறந்து நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கோளாறு வந்தால் வண்டி ஊர்ந்தாவது வீடு சேரட்டும் என்று ஸ்பிரிங் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது.

கால் மணி நேரம் உலரவிட்டு, புதிய கேஸ்கட்டோடு மாட்டுங்கள். அலுமினியத்தில் இறங்கும் எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் பொதுவாக வரும், சரியான எண் கையேட்டில் இருக்கும். குறுக்கு வரிசையில் இறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் இழுத்து, சிறிது புகைந்து, பிறகு சீராகும். எலெக்ட்ரானிக் வண்டியில் ஐடிலிங் முன்பைவிட உயர்ந்து நிற்கலாம். அழுக்கு அடைத்த இடைவெளிக்கு ஏற்ப, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தகட்டைக் கூடுதலாகத் திறந்து பழகியிருந்தது, இப்போது அழுக்கு இல்லை. இசியுவுக்குப் புதிதாகப் பழக்கும் ஐடில் ரீலேர்ன் செய்தால் இறங்கும், முறை வண்டிக்கு வண்டி மாறும். இந்தக் கட்டத்தில் சிலர் பொறுமை இழந்து தகடு எதுவரை மூடலாம் என்று தடுக்கும் நிறுத்தத் திருகைத் திருப்பி ஐடிலிங்கைக் குறைக்கிறார்கள். தொழிற்சாலையில் பெயின்ட் வைத்துப் பூட்டிய திருகு அது. அதைப் பின்வாங்கினால் தகடு சுவரில் ஆப்புபோல் இறங்கி, சுத்தமான பாடியும் ஒட்டத் தொடங்கும். சுவரில் பள்ளம் விழுந்துவிட்டால் பாடியையே மாற்ற வேண்டும்.

சில மாதத்தில் மறுபடி ஒட்டினால் டப்பாவைக் குறைசொல்ல வேண்டாம். பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா, எண்ணெய் அளவுக்குமேல் ஊற்றியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதென்றால் புஷ் தேய்ந்துவிட்டது. அதை எந்தத் திரவமும் சரிசெய்யாது.

எலெக்ட்ரானிக் பெடல் வண்டிகளுக்கு ஸ்பிரேயைவிட முதலில் வாங்க வேண்டியது வண்டியின் கணினியோடு இணைத்துக் கோளாறைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர் என்பது என் உறுதியான கருத்து. இந்த வண்டிகளில் காலுக்கும் தகட்டுக்கும் கேபிள் தொடர்பே இல்லை. திராட்டிலில் எவ்வளவு கரி இருந்தாலும் பெடல் கெட்டியாகாது. பெடல் கெட்டியாக இருந்தால் அது பெடலின் கோளாறு மட்டுமே, முழு அசெம்பிளியை மாற்ற வேண்டும்.

புளூடூத் இஎல்எம்327 வகை ஸ்கேனர்களில் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள். கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீட்டைப் படிக்க அவையே போதும். நேரடித் தரவில் அவை மெதுவானவை. ஒரே நேரத்தில் பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் திணறும், நொடிக்கணக்கில் தாமதமாகக் காட்டும். நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள்: பெடல் நிலை டி, பெடல் நிலை இ (பெடலின் இரு சென்சார்கள்), கட்டளையிட்ட திராட்டில், உண்மைத் திராட்டில். இன்ஜின் அணைந்து இக்னிஷன் ஆனில் பெடலை மிக மெதுவாக மிதித்து விடுங்கள். டியும் இயும் வெவ்வேறு எண்ணாக இருக்கலாம், ஆனால் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்று தாவினால் பெடல் சென்சார். பெடல் நிலையின் எண் இறங்கிவிட்டது, கட்டளையும் இறங்கிவிட்டது, உண்மைத் திராட்டில் மட்டும் இறங்க மறுக்கிறது என்றால் பாடி. அப்போது சுத்தம் செய்து பார்ப்பதில் பொருள் உண்டு. காலை எடுத்த நிலையில் திராட்டில் பூஜ்யம் காட்டாமல் பத்து, பதினைந்து சதவீதம் காட்டுவது இயல்பு.

குறியீடுகளில் பி2138 என்றால் பெடலின் இரு சென்சார்கள் ஒத்துப்போகவில்லை, பி2135 என்றால் திராட்டிலின் இரு சென்சார்கள். பி2111 தகடு திறந்து சிக்கியதாகவும் பி2112 மூடிச் சிக்கியதாகவும் பொருள். பி0507 என்றால் ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம், வெற்றிடக் கசிவை முதலில் தேடுங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன் ஃபிரீஸ் ஃபிரேம் தரவைப் படமெடுத்து வையுங்கள். கோளாறு பதிவான கணத்தில் வேகமும் ஆர்பிஎம்மும் எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கிறது, அழித்தால் அதுவும் போய்விடும்.

வேலை முடிந்த பின் சோதிக்காமல் சாலைக்குப் போகக் கூடாது. இன்ஜின் அணைந்த நிலையில் இருபது முறை, பாதி மிதி, முழு மிதி, மெதுவாக விடுதல், சட்டென விடுதல் என்று மாற்றி மாற்றி. பிறகு நியூட்ரலில் 2,500 வரை ஏற்றிவிட்டுக் காலை எடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும், மறுநாள் காலை ஆறிய நிலையிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். இருபதில் ஒருமுறை தயங்கினாலும் அது தேர்ச்சி அல்ல. திராட்டில் திறந்த நிலையில் ஒருமுறையேனும் நின்ற வண்டி, காரணம் கையில் சிக்கும் வரை பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகக் கூடாது. இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.